பல்லில்லாத கடல் அரக்கன்

நம் வயதுக்காரர்களில் காஞ்சிபுரத்தில் வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால், அந்த வைகாசி மாதத்து நாற்றத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கருட சேவைக்கு முந்தின வாரம், அரிசி மண்டிக்காரரின் காலி மனையில் கூடாரம் போட்டு ஒரு திமிங்கிலத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தார்களே, அதைச் சொல்கிறேன். நானும் பலரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். "ஆமாமா, பெரிய பெரிய பல்லோட இருக்குமே, எங்கப்பா தோள்மேல தூக்கிக் காட்டினாரு" என்கிறார்கள். பல்தான் எல்லோர் ஞாபகத்திலும் நிற்கிறது. எனக்கு நிற்பது வேறு.

நான் நாலாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. அப்பா சானிட்டரி இன்ஸ்பெக்டர். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் தொப்பி, சைக்கிள் கேரியரில் ஒரு பிளீச்சிங் பவுடர் டப்பா. அவர் தெருவுக்குள் நுழைந்தால் ஓட்டல்காரர்கள் ஈ மொய்க்கிற பலகாரத்தை மூடுவார்கள். பினாயில் வாசனையை வைத்தே அப்பா வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் தறிக்காரர்கள் வீடு, நடுவில் நாங்கள் வாடகைக்கு. பகல் முழுக்கத் தறிச் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும்.

அந்தச் சத்தம் ஒரே ஒரு நாள் நின்றது. என் தம்பி செத்துப்போன அன்று.

பிறந்து முப்பத்தெட்டாம் நாள். வயிற்றுப்போக்கு, அப்புறம் காய்ச்சல். மண்டிக்காரர் தன் காரைக் கொடுத்து மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அதே காரில் துண்டில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்பாவும் இன்னும் இரண்டு ஆண்களும் உச்சிப்பொழுதுக்கு முன்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெண்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. அம்மா வாசற்படி வரைக்கும் வந்தாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவள் அத்தை, அப்பாவின் அக்கா. உத்தரத்தில் கட்டியிருந்த ஏணைத் தொட்டிலை அவிழ்த்தாள். சின்னத் துணிகளையெல்லாம் மூட்டை கட்டி எங்கேயோ கொடுத்தாள். "இந்த வூட்ல இனிமே யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. மறந்தாதான் அடுத்தது தங்கும்" என்றாள். தம்பிக்குப் பெயர்கூட இன்னும் வைத்திருக்கவில்லை. அதனால் பேசாமல் இருப்பது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது.

தினமும் அத்தை இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கி வருவாள். அம்மாவை உள்ளறைக்குக் கூட்டிப்போய், மார்பில் பூவை வைத்து வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டுவாள். பால் வற்றுவதற்கு. எனக்கு அது தெரியாது. "பூவைத் தலையில வெச்சிக்காம ஏன்மா உள்ள வெச்சிக்கினு இருக்கே?" என்று கேட்டுவிட்டேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை என் தொடையில் கிள்ளினாள். சாயங்காலம் அந்தப் பூ வெந்துபோய் பழுப்பாக வெளியே வரும். இன்றைக்கும் வாடின மல்லிகை வாசனை வந்தால் நான் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன்.

இப்படி இருந்தபோதுதான் லாரியில் அது வந்தது. லாரிக்குப் பின்னால் வால் நீட்டிக்கொண்டிருந்தது. மேலே தார்ப்பாய் போட்டு, ஒருவன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தான். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கரை ஒதுங்கியதாம். கூடாரக்காரர் அதை மீனவர்களிடமிருந்து வாங்கி, அழுகாமல் இருக்க வயிற்றுக்குள் பார்மலினை ஊசியால் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். கூடாரத்து வாசலில் பெரிய பேனர். "கடல் அரக்கன்! கப்பலையே கவிழ்த்தவன்! மனிதனை முழுசாக விழுங்கியவன்!" ஒலிபெருக்கியில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பத்து நாளைக்கு அனுமதி கொடுத்தவர் அப்பாதான். தினமும் பிளீச்சிங் பவுடர் தூவ வேண்டும், நாற்றம் வந்தால் உடனே அகற்ற வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் நாளே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வரிசையில் நிற்காமல் பின்பக்கமாக நுழைந்தோம்.

மரச் சட்டத்தின்மேல் படுக்கவைத்திருந்தார்கள். எங்கள் வீட்டு நடையைவிட நீளம், இருபத்துநாலு அடி என்று எழுதிப் போட்டிருந்தது. நனைந்த சிலேட்டு நிறம். தாடைக்குக் கீழே வயிறு வரைக்கும் வரிவரியாகப் பள்ளங்கள். உடம்புக்கு ஏற்றாற்போல் இல்லாமல் கண் மட்டும் சின்னது, பாதி மூடியிருந்தது. வாயைக் கட்டை கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே இரண்டு வரிசையில் முழ நீளத்துக்குக் கூரான வெள்ளைப் பற்கள். நான் அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதமா, செத்துப்போச்சு" என்றார் அப்பா.

கருட சேவை முடிந்த மறுநாள், அம்மாவை எப்படியாவது வீட்டை விட்டு வெளியே அழைத்துப்போக வேண்டும் என்று அப்பா நினைத்தார். அவர் நல்ல மனதோடுதான் செய்தார். "ஊரே போய்ப் பாக்குது. நீயும் ஒரு நடை வந்து பாரு. மனசுக்கு மாத்தமா இருக்கும்" என்றார். அம்மா புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். மார்புக் கட்டு அவிழ்த்து நாலு நாள் ஆகியிருந்தது.

நாங்கள் போனபோது கூடாரத்துக்குள் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. காலேஜில் விலங்கியல் நடத்துகிற வாத்தியார் ஒருவர், ஒல்லியானவர், கயிற்றைத் தாண்டி உள்ளே போய் அதன் வாயில் கையை விட்டிருந்தார். கூடாரக்காரர் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், வெளிய வா சார்! பொருளை நாசம் பண்ணாத!"

"இது மரம்யா! மரத்துல செதுக்கி சொருவி வெச்சிருக்கே!" வாத்தியார் ஒரு பல்லைப் பிடுங்கி எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டினார். "இந்த ஜாதிக்குப் பல்லே கெடையாது. இது நீலத் திமிங்கிலம். உள்ள பாருங்க, சீப்பு மாதிரி தொங்குதே, அதால தண்ணிய வடிகட்டி, நம்ம சென்னாக்குன்னி மாதிரி பொடிசா இருக்கிற எறாவத்தான் தின்னும். இது மனுசனை முழுங்குமா? அதோட தொண்டையில ஒரு தேங்கா போவாது!"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிலர் டிக்கெட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கத்தினார்கள். வாத்தியாருக்கு அது காதில் விழவில்லை. அவர் அதன் வயிற்றுப் பக்கம் குனிந்து, ஒரு இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"தொப்புள் இன்னும் சரியா ஆறவே இல்லை. அரக்கனாம், அரக்கன். இது பால்குடிங்க. பொறந்து ஒரு மாசம் இருக்குமோ என்னமோ."

அம்மா கயிற்றுக்கு அருகில் போனாள். வேற்று ஆணிடம் அவள் பேசி நான் பார்த்ததே இல்லை.

"எத்தினி மாசம் பால் குடிக்கும்ங்க?"

"ஏழு எட்டு மாசம் குடிக்கும்மா. அண்டா அண்டாவா குடிக்கும். அம்மாவை விட்டு ஒரு நாழி பிரியாது."

"இதோட அம்மா?"

வாத்தியார் கையிலிருந்த மரப் பல்லைக் கீழே வைத்தார். "எங்கயாவது கப்பல்காரன் அடிச்சிருப்பான். எண்ணெய்க்காக அடிச்சடிச்சு, உலகத்துக் கடல்லயே இதுங்க முக்காலே மூணு வீசம் போயிடுச்சு. இப்ப சட்டம் போட்டுட்டாங்கன்றான். சட்டத்தைக் கடல்ல யாரு பாக்கறது? தாய் இல்லாம கரைக்கு வந்திருக்குது."

அம்மா கையை நீட்டி அதன் தோலைத் தொட்டாள். நான் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணாந்து பார்த்தேன். அவளுடைய ரவிக்கையில் இரண்டு பக்கமும் ஈரம் படர்ந்துகொண்டிருந்தது. அத்தனை முழம் மல்லிகைக்கும் பால் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்கள் பார்த்துவிட்டு ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள்.

"இதப் பொதைச்சிடுங்க" என்றாள் அம்மா, அப்பாவைப் பார்த்து. தம்பி போன பிறகு அவள் அப்பாவிடம் கேட்ட முதல் விஷயம் அது. "இப்டி வாயத் தொறந்து வெச்சி நாலு பேரு பாக்கக் கூடாதுங்க. பொதைச்சிடுங்க."

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "ஜனங்க பாக்கறாங்க. முந்தானைய இழுத்து மூடு. வா போலாம்" என்று அவள் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

பத்து நாள் முடிந்தது. அப்பா அகற்றச் சொல்லியிருக்கலாம். மண்டிக்காரர் வீட்டுக்கே வந்து, "இன்னும் ஒரு வாரம் வுடுப்பா, கூட்டம் கொறையல" என்றார். தம்பிக்குக் கார் கொடுத்த மனிதர். அப்பா மறுபடி கையெழுத்துப் போட்டார். அம்மா சமையலறையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து அம்மா தினமும் கூடாரத்துக்குப் போக ஆரம்பித்தாள். அப்பா மத்தியானம் ரவுண்டு போனதும் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்புவாள். அந்த வெயில் வேளையில் கூட்டம் இருக்காது. டிக்கெட் கிழிக்கிற பெண், கூடாரக்காரரின் மனைவி, டிக்கெட் கேட்காமல் உள்ளே விட்டுவிடுவாள். அம்மா அதன் தலைப் பக்கம் போய் உட்கார்ந்து, முந்தானையால் கண்மேல் மொய்க்கிற ஈயை ஓட்டுவாள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். வேறு எதுவுமே செய்ய மாட்டாள். பார்மலின் நெடியில் எனக்குக் கண் எரியும், மூக்கு ஒழுகும். "அப்பாகிட்ட சொல்லாத, இன்னா?" என்பாள்.

நாலாவது நாள் அப்பா என் பாவாடையை முகர்ந்து பார்த்தார். "எங்க போன?"

நான் சொல்லிவிட்டேன். பயத்தில் சொன்னேன் என்றால் அது முழு உண்மை இல்லை. என் மேல் ஒரு வாரமாக யாருடைய கண்ணும் படவில்லை. அப்பா முதன்முதலாக மண்டிபோட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கேட்கட்டும் என்று, நடக்காததையும் சேர்த்துச் சொன்னேன். "அம்மா அத மடியில படுக்க வெச்சி தாலாட்டு பாடறாங்கபா" என்றேன்.

இத்தனை வயதாகியும் அந்த வாக்கியத்தை என்னால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் அத்தை பேயோட்டுகிற கோடாங்கி ஒருவனோடு வந்து நின்றாள். உடுக்கை அடித்து, வேப்பிலையால் அம்மாவின் தலையிலும் முதுகிலும் அடித்தான். "யாரு நீ? கடல்லருந்து வந்தவளா?" என்று கேட்டான். அம்மா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு சாதாரணமாகப் பதில் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நான் ஈ ஓட்டினேன். அவ்ளோதான்."

"தாலாட்டு பாடினியாமே?" என்றாள் அத்தை.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். அவள் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அடி விழுந்திருக்கும். அதற்காகவே சொல்லாமல் இருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன். அன்றிலிருந்து அப்பா வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போனார். எனக்கும் சேர்த்துத்தான் பூட்டு.

மூன்றாம் நாள் பகல். காற்றே இல்லை. கூடாரக்காரர் ஓடிவந்து எங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சட்டையெல்லாம் ஏதோ கறை.

"இன்ஸ்பெக்டர் சார் இருக்காராமா? வயிறு வெடிச்சிப்போச்சு. ஜனங்க ஓடறாங்க. பார்மலினும் இல்ல, ஒண்ணும் இல்ல. வந்து பொதைச்சிடச் சொல்லுங்கமா."

"அவர் ரவுண்டு போயிருக்காரு. வெளிய பூட்டியிருக்குது" என்றாள் அம்மா.

அவர் பூட்டைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். தினமும் வந்து ஈ ஓட்டினவள் இவள்தான் என்று தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. போகாமல் நின்றார்.

"அந்த வாத்தியார் சொன்னது நெசந்தாமா. பல்லு நான் வெச்சதுதான். பல்லு இல்லாட்டி யாரு வந்து பாக்கறாங்க?"

"உசுரோடவா கரைக்கு வந்துச்சு?"

"உசுரோடதாமா. ரெண்டு நாள் இருந்துச்சு. மீன்காரங்க பாவம், கயிறு கட்டி ரெண்டு வாட்டி உள்ள இழுத்துக்கினு போய் வுட்டாங்க. திரும்பித் திரும்பி வந்துடுச்சு. படகை ஒட்டிக்கினே வருது. படகு அடிவயித்துல மூஞ்சிய வெச்சி முட்டுது. எதுக்கு முட்டுதுன்னு எங்க யாருக்கும் தெரியலமா." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சத்தம் போட்டுக்கினே இருந்துச்சு. மணல்ல உக்காந்தா நம்ம அடியில நடுங்கும், அப்டி ஒரு சத்தம்."

"யாரும் வரலியா?"

"வர்றதுக்கு இன்னொண்ணு இருந்தாத்தானமா."

அம்மா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். எதற்கு முட்டியது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா வந்தபோது பினாயில் வாசனை இல்லை. கிணற்றடியில் எட்டுப் பத்து வாளி ஊற்றிக்கொண்டும் அந்த நாற்றம் போகவில்லை. பூட்டைத் திறந்து உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"எங்க பொதைச்சீங்க?" என்றாள் அம்மா.

அப்பா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கம்போஸ்ட் கெடங்குல. வேற எங்கயும் அவ்ளோ பெரிய குழி வெட்ட எடம் இல்ல. முழுசா தூக்க முடியல. வெட்டித்தான் போட்டாங்க."

"குப்பையிலயா?"



பிற்காலத்தில், பிள்ளைகளெல்லாம் பெரிதான பிறகு, திமிங்கிலத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். அதன் சாணம்தான் கடலுக்கு எரு என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கேயோ ஆழத்தில் தின்றுவிட்டு மேலே வந்து கழிக்கிறது. அந்த எருவில்தான் கண்ணுக்குத் தெரியாத பாசி வளர்கிறது. அந்தப் பாசியைத் தின்று பொடி இறால், அதைத் தின்று மீன். நாம் விடுகிற மூச்சுக்கும் அந்தப் பாசிக்கும்கூடச் சம்பந்தம் உண்டாம். ஆயுசு முடிந்து செத்தால் அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, வெளிச்சமே போகாத இடத்து ஜீவன்களுக்கு வருஷக்கணக்கில் சோறு போடுமாம். இத்தனையும் செய்கிற ஜீவனை எண்ணெய்க்காக அடித்துத் தீர்த்தார்கள். இன்னும் அவை பழைய கணக்குக்கு வரவில்லை. அப்பாவுக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் உடனே புரிந்திருக்கும். ஊர்க் குப்பையை மக்கவைத்து எருவாக்கி வயலுக்கு அனுப்பிய மனிதர் அவர். அந்தக் கன்று வளர்ந்திருந்தால் எண்பது தொண்ணூறு வருஷம் கடலுக்குச் செய்திருக்க வேண்டிய வேலை, ஒரே ஒரு முறை எங்கள் ஊர்க் கத்தரித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று சாயங்காலத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் அம்மா கேட்டாள்.

"நம்ம கொழந்தைய எங்க வெச்சீங்க?"

அப்பா தலை நிமிர்ந்தார்.

"நானும் அன்னிலருந்து கேக்கலாம்னு பாக்கறேன். நீங்க யாரும் அந்தப் பேச்சை எடுக்கல. எனக்கு எடம்கூடத் தெரியாது. எந்தப் பக்கம் திரும்பி அழறதுன்னு தெரியலங்க."

"காலைல கூட்டிக்கினு போறேன்" என்றார் அப்பா.

அத்தை வாசலில் நின்று தடுத்துப் பார்த்தாள். பொம்பளைங்க போகிற இடமா அது என்றாள். அப்பா அக்காவிடம் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "நீ நவுரு." சைக்கிள் கேரியரில் அம்மா, முன் கம்பியில் நான். பாலாற்றுப் பக்கம் போகிற சாலை. அம்மா ஒரு கையால் அப்பாவின் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சுடுகாட்டைத் தாண்டி, கருவேல மரங்களுக்கு நடுவே குழந்தைகளுக்கென்று ஒரு ஓரம். சின்னச் சின்ன மண்மேடுகள். சிலவற்றின்மேல் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள், நாய் தோண்டாமல் இருக்க. கல் கிடையாது, பெயர் கிடையாது. அப்பா நேராக ஒரு மரத்தடிக்குப் போனார். நின்றார்.

"இங்கதான்" என்றார். பிறகு நாலடி தள்ளிப் போனார். "இல்ல, இந்த மரம் அப்ப எடது கைப் பக்கமா இருந்துச்சு."

இடையில் இரண்டு கோடை மழை பெய்திருந்தது. புதிதாகச் சில மேடுகளும் வந்திருந்தன. மண் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேடாகக் குனிந்து குனிந்து பார்த்தார். ஊரில் யார் பிறந்தார்கள், யார் செத்தார்கள் என்று ரிஜிஸ்டரில் எழுதுகிறவர் அவர்தான். எங்கள் தம்பியையும் அவரே எழுதியிருப்பார். சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, வெயிலில் நடுவில் நின்றார். அவருடைய வாய் கோணிக்கொண்டது. அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. அதனால் முதலில் சிரிக்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

அம்மா அவர் அருகில் போய்ச் சட்டைக் கையைத் தொட்டாள்.

"விடுங்க. எல்லாம் கொழந்தைங்கதானே" என்றாள்.

அங்கேயே, காலடியில் இருந்த மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சரிந்திருந்த மண்ணை இரண்டு கையாலும் கூட்டி மேலே போட்டுத் தட்டினாள். விலகியிருந்த முள்ளை இழுத்து ஒழுங்காக வைத்தாள். பிறகு நகர்ந்து அடுத்த மேட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற அப்பா, தொப்பியைத் தரையில் வைத்துவிட்டு, அந்தப் பக்கத்துக் கடைசி மேட்டிலிருந்து தட்ட ஆரம்பித்தார்.